முத்துக்கரைக்கு வந்த பொருள்கள் – 17: ஆங்கிலேய ஷூவும் ஆவாரம்பட்டையும்

மாப்பிள்ளையூரணியிலிருந்து கடலை நோக்கிப் போனால் உப்பளங்கள். உப்பு ஏறாத மேட்டு நிலங்களில் உடைமரமும் ஆவாரஞ்செடியும். உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பு வேண்டும். அந்தத் தோல் ஆண்டுக்கணக்கில் உழைக்க ஆவாரம்பட்டை வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை கப்பலில் இங்கே வந்திறங்கிய பொருள்களையே பெரும்பாலும் பார்த்தோம். இப்போது எடுத்துக்கொள்ளும் பொருள் துரைமார் காலில் வந்திறங்கியது. 1888இல் தொடங்கிய ஹார்வி மில்லின் மேலாளர்கள், துறைமுக அதிகாரிகள், தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் என எல்லோரும் அணிந்த கயிறு கட்டும் தோல் ஷூ அது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை இலங்கைக்குப் போகும் ரயில் பயணி இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர்கள் போட்டிருந்த கோட்டும் தொப்பியும் வழக்கொழிந்துவிட்டன. ஷூ மட்டும் ஒன்றரை நூற்றாண்டாக ஏறத்தாழ அதே வடிவில் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று கேட்டால், பிரிட்டிஷ் மரபு, பிரிட்டிஷ் கைத்திறன் என்றே பதில் வருகிறது. அந்தப் பதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. வடிவமும் தையலும் அவர்களுடையவை. அவற்றை உலகம் முழுக்கக் கொண்டுபோன தோலில் கணிசமான பங்கு சென்னை மாகாணத்தில் பதனிட்டது. அந்த ஷூ நம் மண்ணில் ஊன்றியதற்கான காரணமோ பிரிட்டனுக்குத் தொடர்பே இல்லாதது.

முதலில் அவர்கள் பங்கைச் சொல்லிவிடுவோம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் நார்தாம்ப்டன் செருப்புத் தைக்கும் ஊராக ஆனதற்கு இயற்கையான காரணங்கள் இருந்தன. சுற்றிலும் மேய்ச்சல் நிலம், தோல் ஊறவைக்க நீன் ஆறு, பட்டைக்கு ஓக் மரக்காடு. 1642இல் தாமஸ் பெண்டில்டன் தலைமையில் அவ்வூர்த் தொழிலாளர்கள் அயர்லாந்துக்குப் போகும் படைக்காக 4,000 ஜோடி ஷூக்களும் 600 ஜோடி பூட்ஸுகளும் செய்து தர ஒப்பந்தம் எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இன்றும் பெயர் சொல்லும் நிறுவனங்கள் அங்கும் அக்கம்பக்கத்திலும் வரிசையாகத் தோன்றின: ட்ரிக்கர்ஸ் 1829, சர்ச் 1873, க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் 1879, பக்கத்து கெட்டரிங்கில் லோக் 1880. நார்தாம்ப்டனின் கால்பந்து அணிக்கே செருப்புத் தைப்பவர்கள் என்றுதான் செல்லப்பெயர். வடிவங்களும் அந்த நூற்றாண்டிலேயே நிலைபெற்றன. கயிறு கோக்கும் மடிப்புகள் முன்தோலுக்கு அடியில் தைக்கப்பட்டு மூடியிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு. மேலே தைக்கப்பட்டு விரிந்து கொடுத்தால் டெர்பி. துளையிட்ட ஓர அலங்காரம் இருந்தால் ப்ரோக். நம் பள்ளிப் பிள்ளைகள் போடும் கறுப்பு ஷூவின் வடிவம் டெர்பியிலிருந்து வந்ததுதான். அகலமான பாதத்துக்கும் அது இடம் கொடுக்கும்.

ஆனால் வடிவம் மட்டும் ஒரு பொருளை நூற்றைம்பது ஆண்டுகள் வாழவைக்காது. இந்த ஷூவின் உயிர் அதன் தையலில் இருக்கிறது. மேல்தோலைக் கட்டையில் இழுத்துப் பொருத்தி, அதன் விளிம்பையும் உள் அட்டையின் வரம்பையும் ஒரு மெல்லிய தோல்வாரோடு சேர்த்துச் சுற்றிலும் தைப்பார்கள். இது முதல் தையல். நடுவில் உள்ள பள்ளத்தைத் தக்கையால் நிரப்பி, அடிச் சோலை அந்த வாரோடு மட்டும் சேர்த்துத் தைப்பார்கள். இது இரண்டாம் தையல். இரண்டாம் தையல் மேல்தோலைத் தொடுவதே இல்லை. எனவே சோல் தேய்ந்தால் அந்தத் தையலை மட்டும் அறுத்து, பழைய சோலை எடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கலாம். மேல்தோலுக்கு ஒரு கீறலும் விழாது. தேய்வது வேறு, நிற்பது வேறு என்று பிரித்துக் கட்டிய பொருள் இது. கையால் இப்படித் தைப்பது பல நூற்றாண்டுப் பழைய முறை. இதை இயந்திரத்தில் செய்யக் காட்டியவர் அமெரிக்கர்: ரப்பரைப் பக்குவப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன், அதே பெயர் கொண்டவர், 1870ஐ ஒட்டிக் கொண்டுவந்த இயந்திரம் அது. ஆக, பிரிட்டிஷ் மரபின் முதுகெலும்பு என்று சொல்லப்படும் தையல் இயந்திரமே அட்லாண்டிக்கைக் கடந்து வந்ததுதான். அதனால் நார்தாம்ப்டனின் பெருமை குறைந்துவிடாது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் மலிவான ஒட்டு முறைகளுக்குப் போனபோது, அந்த ஊரின் நல்ல பட்டறைகள் தைப்பதை விடவில்லை. அவர்களுக்கான பாராட்டு இந்தப் பிடிவாதத்துக்கே உரியது.

இனித் தோலுக்கு வருவோம். இங்கிலாந்தின் பழைய முறையில் தடித்த தோலை ஓக் பட்டைக் குழியில் ஓராண்டுக்கு மேல் ஊறவைத்தார்கள். டெவன் பகுதியின் கோலிட்டனில் பேக்கர் குடும்பத்தார் இன்றும் சோல் தோலை அப்படித்தான் செய்கிறார்கள். கைத்தொழிலுக்கு இந்த வேகம் போதும். இயந்திரம் வந்து நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஜோடிகள் தைக்கத் தொடங்கிய பிறகு, மேல்தோலுக்கு இந்த வேகம் எந்த மூலைக்கு? அந்த இடைவெளியை நிரப்பியது சென்னை மாகாணம். இங்கே பதனிடும் முறையைத் திருத்தியவர் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் பதிவு செய்திருப்பது சார்லஸ் டி சூசா என்ற யுரேசியரை. மொரீஷியஸில் தொழில் கற்று, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னைக்கு வந்து தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் கூடம், தொடங்கியவர் அவர். அந்த முறை எளியது, விரைவானது. சுண்ணாம்புக் குழியில் முடி நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய் நீரில் நிறம் தேற்றி, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். ஓக் பட்டைக்கு ஓராண்டு என்றால் ஆவாரைக்குச் சில வாரங்கள். நம் நாட்டு மாடு சிறியது என்பதால் தோல் மெல்லியது; ஷூவின் மேல்பாகத்துக்கு அந்த மென்மைதான் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, சென்னைப் புறநகர் என்று தோல் ஷாப்புகள் பெருகின. கொள்முதலையும் முதலீட்டையும் பெரும்பாலும் இஸ்லாமிய வணிகக் குடும்பங்கள் பார்த்தன. குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். அரைப்பதமாகச் சிப்பமிட்ட தோல் லண்டன் ஏலத்துக்குப் போய், பெர்மாண்ட்ஸி போன்ற இடங்களில் மெழுகேற்றி மெருகிடப்பட்டு, நார்தாம்ப்டன் பட்டறைக்குள் நுழையும்போது ஆங்கிலத் தோலாகிவிடும். வணிக உலகில் அதற்கு ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்று பெயர். ஊரின் பெயரோ செடியின் பெயரோ அதில் இல்லை.

தென் மாவட்டங்களின் தரிசு நிலங்களில் தானே முளைத்த செடி ஆவாரை. அதே பேரினத்தைச் சேர்ந்த நிலாவரை மருந்துக்காகத் திருநெல்வேலி சென்னா என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பா போனது. அதற்காவது ஊரின் பெயர் கிடைத்தது. ஆவாரை பட்டையாக உள்நாட்டுத் தோல் ஷாப்புக்குப் போய்த் தோலுக்குள் கரைந்துவிட்டதால் வரலாற்றிலும் கரைந்துவிட்டது.

சென்னைத் தோல் எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதற்கு முதல் உலகப் போரைவிடச் சிறந்த சான்று இல்லை. நேச நாட்டுப் படைகளுக்கான பூட்ஸுகளில் மிகப் பெரும்பங்கை நார்தாம்ப்டன் வட்டாரம் தைத்தது. மேல்தோலுக்குத் தட்டுப்பாடு வந்துவிடக் கூடாது என்பதற்காக 1916இல் அரசு சென்னை, பம்பாய் மாகாணங்களின் பதனிட்ட கிப்ஸ் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டு, போர்த்துறைக்காக வாங்கியது. வெறும் அலங்காரப் பொருளுக்காக எந்த அரசும் போருக்கு நடுவில் இப்படி ஓர் ஏற்பாடு செய்யாது. போர் முடிந்ததும் 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்தார்கள். பேரரசுக்குள்ளேயே பதனிட்டால் அதில் 10 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். சட்டத்தின் வாசகத்தில் அது இந்தியத் தொழிலுக்கான பாதுகாப்பு. அந்தத் தள்ளுபடியைப் பார்த்தால் யாருடைய பட்டறைகளை மனத்தில் வைத்து எழுதியது என்பது விளங்கும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இன்று நார்தாம்ப்டனின் உயர்ந்த ஷூக்கள் ஐரோப்பியக் கன்றுத் தோலில், பெரும்பாலும் குரோம் முறையில் பதனிட்ட தோலில் செய்யப்படுகின்றன. அவற்றில் ஆவாரம்பட்டை ஏது? உண்மைதான். 20ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை நம் ஆவாரையின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. குரோம் முறையும் வந்தது. அந்த முறையை இந்தியாவில் பழக்க 1903 முதல் சென்னையில் சோதனை நடத்தியவர் மேலே சொன்ன அதே சாட்டர்டன். 1912இல் பல்லாவரத்தில் தோன்றிய குரோம் லெதர் நிறுவனத்தால்தான் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே வந்தது. இன்று கடையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஜோடியில் நம் தோல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு சாதாரணக் குமாஸ்தாவும் இரண்டு ஜோடி தைத்த ஷூ வாங்கும் அளவுக்கு அந்தப் பொருள் பரவி, மக்களின் பழக்கமாகிய காலம் 1870களிலிருந்து 1930கள் வரை. அந்தக் காலத்தின் மேல்தோலில் சென்னைக்குப் பங்குண்டு என்பதே என் வாதம். பழக்கமாகாத பொருள் மரபாகாது.

பின்னாளில் நம் பங்கு வேறு உருவில் திரும்பிவந்தது. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் குறைத்து, முழுப்பதத் தோலும் ஷூவும் செய்ய அரசு வழிதிருப்பியது. இன்று ஆம்பூரின் ஃபரிதா குழுமம் பிரிட்டனின் கிளார்க்ஸுக்கு ஷூ செய்து தருகிறது. கெட்டரிங்கின் லோக் நிறுவனமும் தன் ஒரு வரிசை ஷூக்கள் இந்தியாவில் தைக்கப்படுவதை மறைக்கவில்லை. சர்ச் 1999இல் இத்தாலியப் பிராடாவின் கைக்குப் போனது. பிரிட்டிஷ் ஷூ என்பது இப்போது எந்த நாட்டுக் குடிமகனுடைய கைவேலை என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. முந்தைய காலத்திலும் கிடைத்திருக்காது என்பதைத்தான் மேலே காட்டினேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. வெள்ளைக்காரன் மீதான மோகம்தான் இந்த ஷூவை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறது, தையலும் தோலும் பிறகு சொல்லும் சாக்கு என்பார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் ஓட்டிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. அதைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. மோகம் மட்டும் காரணம் என்றால் நெட்டியால் செய்த சோலா தொப்பி ஏன் மறைந்தது? ஆட்சி அதிகாரத்துக்கு அதைவிடப் பெரிய அடையாளம் வேறு எதுவும் இல்லை. வால் கோட்டு ஏன் போயிற்று? அதிகாரத்தின் நிழலில் மட்டும் நின்றவை அதிகாரம் போனதும் போய்விட்டன. ஷூ தங்கியது, ஏனெனில் அதற்கு வேறு வேரும் இருந்தது. அதுமட்டுமல்ல, தன் அதிகாரிகள் முன் இந்தியர்கள் காலணியோடு நிற்பதை வெள்ளை அரசு விரும்பவில்லை. அதிகாரி முன்னால் வரும் இந்தியர் காலணியைக் கழற்ற வேண்டும் என்பதுதான் அவர்கள் வலியுறுத்திய மரியாதை. 1862இல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி கௌவாஸ்ஜி என்டீ என்ற அசெசர் (நீதிபதிக்கு ஆலோசனை சொல்பவர்) ஷூவைக் கழற்ற மறுத்தது அந்நாளில் பெரும் வழக்காயிற்று. கோயிலிலும் வீட்டிலும் கழற்றுவது எங்கள் வழக்கம், பொது இடமான நீதிமன்றத்தில் எதற்கு என்று இந்தியர்கள் கேட்டார்கள். அன்று ஷூவோடு உள்ளே நடந்தவன் துரையைப் போலச் செய்தான் என்பதைவிடத் துரைக்குச் சமமாக நின்றான் என்பதே பொருந்தும்.

துரையின் முன் நிற்பதைவிடக் கடினமானது நம் ஊர்த் தெருவில் நடப்பது. இங்கிருந்து வடக்கே வேம்பாரைத் தாண்டினால் அன்றைய ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தம் சாதி பற்றிய நூலில் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். தங்கம் வெள்ளி அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலின் எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மீறியவர்கள் மீது வன்முறை நடந்தது. மாட்டுத் தோலை உரித்தவர், சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலோடு நின்றவர், செருப்பைத் தைத்தவர் என யாருடைய உழைப்பில் இந்தப் பொருள் உருவானதோ அவர்களுக்கே அது மறுக்கப்பட்டது. இந்தப் பின்னணியில் கறுப்புத் தோல் ஷூவைப் பார்த்தால் அதன் பொருள் மாறிவிடும். ஊர் செய்து கொடுக்கும் செருப்பில் யார் எந்த வகை அணியலாம் என்ற கணக்கு இருந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கும் ஷூவுக்கு எந்தத் தெருக்காரன் என்ற கணக்கு இல்லை. பள்ளியும் ரயில்வேயும் பட்டாளமும் துறைமுகமும் கொடுத்த வேலையோடு அந்த ஷூவும் வந்தது. தமிழகக் கிராமங்களில் நிற்கும் அம்பேத்கர் சிலையில் கோட்டுக்கு இணையாக ஷூவும் இருப்பது தற்செயல் அல்ல. இதை மோகம் என்று சொல்பவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவரின் கண்ணால் ஒரு முறை பார்க்க வேண்டும்.

தட்பவெப்பத்தைச் சொல்லி எழுப்பும் மறுப்பை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். மூடிய ஷூ நம் கோடைக்குப் பொருந்தாது. தோல் சோல் மழையிலும் உப்பு ஈரத்திலும் சீக்கிரம் கெடும். தூத்துக்குடியில் நாள் முழுக்க அணியச் செருப்பே ஏற்றது. தைத்த சோலைத் தோலில்தான் போட வேண்டும் என்ற விதி இல்லை என்பது மட்டும் என் பதில். வாரோடு ரப்பர் சோலையும் தைக்கலாம், லாடமும் அடிக்கலாம். இன்று விற்பவற்றில் பெரும்பான்மை ஒட்டு ஷூக்கள்தானே, மக்கள் விரும்புவது தோற்றத்தை மட்டும்தானே என்ற கேள்வியும் உண்டு. ஒட்டு ஷூவின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாரில் போலித் தையலை அச்சடித்திருப்பார்கள். எதையும் தாங்காத அந்த நூலை அங்கே வைப்பதற்கு ஒரே காரணம், வாங்குபவர் மனத்தில் தையல் என்றால் உழைக்கும் என்ற எண்ணம் இன்னும் இருப்பதுதான். போலி பெருகுவது அசலின் மதிப்புக்கே சாட்சி. ஆனால் அந்த ஒட்டு ஷூவின் சோல் பிளந்தால் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியால் பசை தடவித் தரத்தான் முடியும். புதுச் சோல் போடும் வேலையை அந்தப் பொருள் அவர் கையிலிருந்து பறித்துவிட்டது.

தொழிலின் தீங்கைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிப்பது நேர்மையாகாது. குரோம் தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதைக் குறிப்பிட்டது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி நம் சட்டத்தின் பகுதி என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. தோலைக் கெடாமல் காத்த உப்பும், கழுவும்போது ஆற்றில் இறங்கி நிலத்தடி நீரை உவர்ப்பாக்கியது; தமிழகத்தின் உப்பில் மிகப் பெரும்பங்கை விளைவிக்கும் நம் கரைக்கும் இந்தக் கணக்கில் தொடர்புண்டு. குழியில் நின்றவர்களின் வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைப் படிக்க வேண்டும். நெல்லைச் சீமையில் பிறந்து, திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களை எழுதிய அவருக்கு அந்த நாவலுக்காக 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்தத் தீங்கு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. இத்தனை விலை கொடுத்து உருவாகும் தோலை ஒரே ஆண்டில் குப்பையில் போடும்படி ஒட்டித் தருவது குற்றம். சோலை மாற்றி மாற்றிப் பல ஆண்டுகள் அணியும்படி தைப்பதே அந்த மாட்டுக்கும் ஆற்றுக்கும் உழைப்பாளிக்கும் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம்.

நார்தாம்ப்டன் தன் ஷூ வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்துப் பேணுகிறது. நம் பக்கத்தில் ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் பட்டை முறையில் பதனிடும் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பட்டை உரித்தவர்கள், அதைச் சுமந்த வண்டிக்காரர்கள், இடைத்தரகர்கள் பற்றி அரசுக் குறிப்புகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் இல்லை. தூத்துக்குடி, எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் ஆவாரம்பட்டை, தோல், உப்பு வணிகம் செய்த குடும்பங்களின் பழைய கணக்கேடுகளோ சரக்குச் சீட்டுகளோ வீட்டுப் பரணில் கிடந்தால், பழைய தாளென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்திலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிடம் காட்டி, படியெடுக்கச் சொல்லுங்கள்.